காது அக்காவின் ஓர்ப்படி

என் சின்ன அண்ணி மோகனப்பிரியாவுக்கு உலகத்தில் தெரியாத விஷயம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கத் தெரியாது. வினாடி வினா எதுவாக இருந்தாலும், தொகுப்பாளர் கேள்வியை முடிப்பதற்குள் இவர் சோபாவிலிருந்து பதிலைச் சொல்லிவிடுவார். போட்டியாளர் தப்பாகச் சொல்லிவிட்டால் திட்டும் விழும். "இதுகூடத் தெரியாம மேக்கப் மட்டும் போட்டுக்கிட்டு வந்துட்டா பாரு!" என் அண்ணன் அசோக் கல்யாணமான நாளிலிருந்து இந்தத் திட்டுகளைத் தொட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் பக்கம் ஒரு பல் மருத்துவரிடம் அண்ணிக்கு உதவியாளர் வேலை. நோயாளி நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, பஞ்சும் குழாயுமாகப் படுத்திருக்கும்போது, "திமிங்கலத்துக்குப் பல் உண்டா இல்லையா, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார். அந்த மனிதர் "ஆ... ஆ..." என்பார். "சில வகைக்கு உண்டு, சில வகைக்கு இல்ல" என்று இவரே சொல்லி முடிப்பார். இதுவரை ஒருவரும் அவரை அங்கே ஜெயித்ததில்லை.

அவருடைய ஆசை சின்ன ஆசை. தனக்கு இவ்வளவு தெரியும் என்பது ஒருமுறையாவது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். நான் பேருந்து ஓட்டுகிறவள். தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள், ஒருவருக்கும் என் பெயர் சரசு என்று தெரியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் எல்லாரும் என்னைப்போல் இருக்க வேண்டும் என்று சட்டமா?

"முந்திச் சொல்" என்று தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு போட்டி. இந்த முறை கல்யாணத்தால் வந்த உறவுகள் ஜோடியாக வர வேண்டும், கணவன் மனைவி மட்டும் கூடாது என்று அறிவித்தார்கள். அண்ணி முதலில் என்னைத்தான் கேட்டார். முகத்தில் மாவு பூசிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் உட்கார எனக்கு என்ன தலையெழுத்து? முடியாது என்றேன். அடுத்துத் தெம்பனிஸில் இருக்கும் பெரிய அண்ணியைக் கேட்டார்.

பெரிய அண்ணி பூவம்மா என் மூத்த அண்ணன் தங்கராஜுவின் மனைவி. பாலர் பள்ளி ஒன்றில் சமைக்கிறார். பொது அறிவு என்று கேட்டால், உப்பு அதிகமானால் உருளைக்கிழங்கு போடலாம் என்பதோடு சரி. ஆனால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அவர் சிரித்தால் மின்தூக்கியில் கூட நிற்கும் சீனத்துப் பாட்டியும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரிக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியாதே மோகனா" என்றார். "எனக்குத் தெரியும்க்கா, நீங்க சும்மா வந்தா போதும் லா" என்றார் சின்ன அண்ணி. இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சிராங்கூன் சாலைக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கிச் சின்ன அண்ணிக்குக் கடுகு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தோம். படப்பிடிப்பு நாளில் பார்வையாளர் வரிசையில் நானும் இரண்டு அண்ணன்களும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு இருக்கைகள். முன் இருக்கையில் ஒலிவாங்கியும் அமுக்கும் பொத்தானும். பின் இருக்கையில் ஒன்றும் கிடையாது. பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் காதில் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். "யாரு முன்னால உக்காரப் போறீங்க?" என்று அங்கே வேலை பார்த்த பெண் கேட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எதற்கும் மூத்த மருமகள்தான் முதலில். புது வீட்டில் குத்துவிளக்கு ஏற்றுவதா, மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுப்பதா, குடும்பப் புகைப்படத்தில் நடுவில் நிற்பதா, சின்ன மருமகள் ஒதுங்கி நின்று "அக்கா, நீங்க முன்னால வாங்க" என்று சொல்ல வேண்டும். மூத்தவர் "பரவால்ல, நீயே பண்ணு" என்பார். "ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?" என்று இவர் மறுபடியும் சொல்ல வேண்டும். பிறகு மூத்தவர் போவார். இருபது வருடமாக நாக்கில் ஊறிப்போன வசனம் இது.

படுபாவி நாக்கு அங்கேயும் அதைச் சொல்லிவிட்டது. "அக்கா, நீங்க முன்னால உக்காருங்க." பெரிய அண்ணி தன் வசனத்தைச் சொன்னார். "பரவால்ல, நீயே உக்காரு மா." சின்ன அண்ணி விட்டாரா? "ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?" பெரிய அண்ணி போய் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சின்ன அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். பேருந்துக் கதவு மூடிய பிறகு நிறுத்தத்துக்கு ஓடி வருகிறவர்களின் முகத்தில் அந்தத் தவிப்பைப் பார்த்திருக்கிறேன்.

போட்டி ஆரம்பித்தது. மனித உடலில் மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார் தொகுப்பாளர் ரமணன். சின்ன அண்ணி பின்னாலிருந்து பெரிய அண்ணியின் காதில் ஏதோ முணுமுணுத்தார். பெரிய அண்ணி பொத்தானை அமுக்கினார்.

"காதுலதாங்க. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அத வைக்க மறந்துட்டாங்க. இருபது தடவ கூப்பிட்டாதான் ஒரு தடவ திரும்புவாரு."

கேமரா சட்டென்று என் பெரிய அண்ணன் பக்கம் திரும்பியது. அவர் நிஜமாகவே காதில் வாங்கவில்லை. "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று இதயம் உள்ள உயிரினம் எது என்று அடுத்த கேள்வி. "ஆக்டோபஸ். மூணு இருந்து என்னங்க பிரயோஜனம், மாமியார் வந்து நின்னா மூணும் நின்னுடும்." மறுபடியும் சிரிப்பு. பதில்கள் எல்லாம் சின்ன அண்ணியுடையவை. வாலாக ஒட்டியவை எல்லாம் பெரிய அண்ணியுடையவை. கோப்பையும் பரிசுக் கூடையும் கிடைத்தன. கோப்பை, மூத்தவர் வீட்டில்தானே இருக்க வேண்டும்? தெம்பனிஸுக்குப் போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம்வரை சின்ன அண்ணி மிதந்துகொண்டுதான் இருந்தார். ஒரு பெண் அவரை "மேடம், கொஞ்சம் கண்ண மூடிக்கோங்க" என்று சொல்லி மை தீட்டினாளாம். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். போட்டியாளர்கள் எல்லாரும் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, நாம் இனி ஒரே குடும்பம் என்று எழுதிக்கொண்டார்களாம். மறுநாள் காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போய், யாரோ ஒருவர் வாயில் குழாயை வைத்து எச்சிலை உறிஞ்சி எடுத்தார். ஒரே குடும்பமும் இரண்டு வாரத்தில் கலைந்தது. அதற்குப்பின் அந்தக் குழுவில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் மட்டும்தான் வந்தது.

ஒளிபரப்பு நாளன்று பெரிய அண்ணி வீட்டில் எல்லாரும் கூடினோம். சின்ன அண்ணி அந்தக் கடுகு நிறப் புடவையையே கட்டிக்கொண்டு வந்திருந்தார். திரை முழுக்கப் பெரிய அண்ணியின் முகம். அதன் ஓரத்தில் ஒரு தோள்பட்டை, கொஞ்சம் கடுகு நிறம். சில சமயம் பாதி மூக்கு. நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் கைதட்டியபோது, "நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு சின்ன அண்ணி கழிவறைக்குள் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

பிறகு அந்தக் காது எலும்புத் துண்டு எல்லார் கைப்பேசியிலும் சுற்ற ஆரம்பித்தது. பெரிய அண்ணிக்குக் "காது அக்கா" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தேக்கா சந்தைக்குள் நுழைந்தால், "காது அக்கா வந்துட்டாங்க!" என்று குரல் வரும். மீன்காரர் ஒரு கை இறால் கூடப் போடுவார். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள், "அக்கா, அம்மாவுக்கு அனுப்பணும்" என்று சொல்லி.

ஒரு ஞாயிறு நாங்கள் மூவரும் சேர்ந்து தேக்காவுக்குப் போனோம். காய்கறிக் கடை வைத்திருக்கும் அழகப்பன் பெரிய அண்ணியைப் பார்த்துக் கும்பிடாத குறை. "அக்கா, இவ்வளோ விஷயம் எப்படிக்கா தெரிஞ்சு வச்சிருக்கீங்க?" என்றார். பெரிய அண்ணி அதற்குள் வேறொருவருடன் பேசப் போய்விட்டார். சின்ன அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"பதில் எல்லாம் சொன்னது நான்தாங்க. பின்னால உக்காந்திருந்தேன்."

அழகப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? நீங்களும் வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, கத்தரிக்காயை எடைபோடத் திரும்பினார். சின்ன அண்ணியின் வயிறு எரிந்தது பக்கத்தில் நின்ற என்னையும் சுட்டது.

பொறாமை கெட்ட குணம் என்று வாய் கிழியப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் விதைத்ததை அடுத்தவர் அறுத்துக்கொண்டு போகட்டும், அப்புறம் பேசட்டும். சின்ன அண்ணி தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டுவிட்டார். அண்ணன் அசோக், "வீடு என்னமோ மாதிரி இருக்கு சரசு, சோறே எறங்க மாட்டேங்குது" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பல் மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளி, "நீங்க காது அக்காவுக்கு ஓர்ப்படியாமே?" என்று கேட்டாராம். அன்றைக்கு அண்ணி அந்த ஆளிடம் திமிங்கலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்கு அதே ஜோடியை மறுபடியும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது பெரிய அண்ணியைத்தான், ஜோடி என்பதால் இவரும். சின்ன அண்ணி என்னிடம், "இந்தத் தடவ நான் முன்னால உக்காரப் போறேன் சரசு. யார் என்ன நெனச்சாலும் சரி" என்றார். "உக்காருங்க அண்ணி, யாரு தடுக்கப் போறா?" என்றேன். இருபது வருட வழக்கத்தை உடைக்க அவர் ராத்திரியெல்லாம் தூங்காமல் தைரியம் சேர்த்தது எனக்குத் தெரியும்.

படப்பிடிப்பு அன்று அரங்கத்துக்குள் நுழைந்ததும் விறுவிறுவென்று நடந்து முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா" என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய அண்ணி கோபித்துக்கொள்வார், முகம் சுண்டும், நாலு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். சின்ன அண்ணியும் அதற்குத்தான் முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். பெரிய அண்ணியோ, "அப்பாடா, பின்னாலன்னா செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உக்காரலாம்" என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகப் பின்னால் போனார்.

சின்ன அண்ணி அன்று ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. ஒரு நாள் என்பது ஓர் ஆண்டைவிட நீளமாக இருக்கும் கோள் எது என்று ரமணன் கேட்டு முடிப்பதற்குள் பொத்தானை அமுக்கி, "வெள்ளி" என்றார். காரணமும் சொன்னார். அது சூரியனைச் சுற்றி வருவதைவிடத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள அதிக நாள் எடுக்கும் என்று விளக்கினார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப்போல் இருந்தது. "சரியான விடை" என்றார் ரமணன். அளவாகக் கைதட்டல் வந்தது. அடுத்த நொடி அவர் கண் சின்ன அண்ணியின் தலைக்கு மேலே போய்விட்டது.

"பூவம்மா அக்கா, ஒரு வருஷத்தவிட ஒரு நாள் நீளமா இருந்தா எப்படி இருக்கும்?"

"சொந்தக்காரங்க வந்து தங்குற நாளு அப்படித்தாங்க இருக்கும்."

கூரை பிய்த்துக்கொண்டது. நானும் சிரித்துவிட்டேன், சிரிப்பு வந்தால் என்ன செய்வது? ஒலிவாங்கி முன் இருக்கையில் இருந்தாலும் பெரிய அண்ணியின் குரலுக்கு அது தேவைப்படவில்லை. பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் இதே கதைதான். சின்ன அண்ணி சரியாகச் சொல்வார், ரமணன் பின்னால் எட்டிப் பார்ப்பார். கேமராவும் அவர் பார்க்கிற பக்கம்தான் போயிற்று.

கடைசியில்தான் அது நடந்தது. "என்னக்கா, இன்னைக்குப் பின்னால போயிட்டீங்க? பதில் சொல்ற வேலைய ஓர்ப்படிகிட்ட குடுத்துட்டீங்களா?" என்று ரமணன் விளையாட்டாகக் கேட்டார்.

பெரிய அண்ணி இந்த முறை சிரிக்கவில்லை. எழுந்து நின்றார், வெறுங்காலோடு. "தம்பி, ஒண்ணு சொல்லணும். போன தடவ நான் சொன்ன பதிலு ஒண்ணுகூட என்னோடது இல்ல. எல்லாம் இவ என் காதுல சொன்னது. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஊர்ல எல்லாரும் என்னப் புகழும்போது எனக்குக் கூச்சமா இருக்கும். பேரு இவளுக்குத்தான் வரணும்." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். பொய்யழுகை இல்லை. அந்த மனுஷிக்குப் பொய்யாக அழத் தெரியாது.

முடிந்தது, சின்ன அண்ணிக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ரமணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய அண்ணியிடம் போய், அவர் கையைப் பிடித்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பெரிய மனசா!" என்றார். எல்லாரும் எழுந்து நின்றது பெரிய அண்ணிக்காக. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார், வேறு என்ன செய்வார்?

தீபாவளிக்கு அந்தத் துண்டும் ஊர் முழுக்கச் சுற்றியது. "ஓர்ப்படின்னா இப்படி இருக்கணும்" என்று மேலே எழுதியிருந்தார்கள். தேக்காவில் அழகப்பன் இந்த முறை சின்ன அண்ணியை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதானே அவங்க? இப்படி ஒரு அக்கா கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார். பல் மருத்துவரும் அதையே சொன்னாராம். என் அண்ணன், கட்டிய புருஷன் அசோக், அவரும் அதையேதான் சொன்னார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது என்று நம்புகிறேன்.

"பதில் எங்கிட்டேர்ந்து போச்சு, சரி. பேராவது திரும்ப வரும்னு பாத்தா, அந்தப் பேரையும் எனக்குத் தானம் குடுத்து அதுக்கும் அவங்களே புண்ணியம் வாங்கிட்டாங்க சரசு" என்றார் சின்ன அண்ணி. "அவங்க ஒரு வாட்டியாவது எனக்குக் கெடுதல் பண்ணியிருந்தா நான் நிம்மதியா திட்டிட்டுப் போயிருப்பேன். திட்டக்கூட எடம் வைக்கல." ஒரு வார்த்தை பொய் இல்லாத புலம்பலுக்கு என்ன ஆறுதல் இருக்கிறது?

பொங்கல் நிகழ்ச்சிக்கும் தொலைக்காட்சியில் இருந்து கூப்பிட்டார்கள். பெரிய அண்ணி முடியாது என்று சொல்லிவிட்டார். "எனக்குப் போதும் தம்பி, மோகனாவத் தனியாக் கூப்பிடுங்க, அவதான் எல்லாம் தெரிஞ்சவ" என்றாராம். நாங்கள் எல்லாரும் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னார். சின்ன அண்ணி கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அதுக்கு என்ன சொன்னாங்க?"

பெரிய அண்ணி ரசக் கிண்ணத்தை எடுத்தார், மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்னாங்க மா" என்றார். அவருடைய காது சிவந்துபோயிருந்தது. என் நினைவில் அந்த மனுஷி சொன்ன முதல் பொய் அதுதான். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தவருக்கு இதற்கா தெரியாது? சின்ன அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பகலில் தெம்பனிஸ் முனையத்தில் என் பேருந்தில் ஏறினார். கையில் பெரிய அண்ணிக்குப் பிடித்த லட்டுப் பொட்டலம். புறப்பட இன்னும் நேரம் இருந்தது, நாங்கள் இருவர்தான்.

"எங்க அண்ணி இந்தப் பக்கம்?"

"பெரியக்காவப் பாக்கத்தான். பொங்கல் நிகழ்ச்சிக்கு நீங்களும் வாங்கக்கான்னு கேக்கப் போறேன்."

"என்ன அண்ணி இது? அவங்களப் பாத்தாலே வயிறு எரியுதுன்னீங்க?"

"எரியுது லா. இப்பவும் எரியுது." பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். "ஆனா அவங்க வரலன்னா என்னைய ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க சரசு. அதத்தான் என்னால தாங்க முடியல."